வீட்டுக்கு யார் எசமான்? ஒரு பழைய லாப்டொப்பை முன்வைத்து



தலைப்பைப் பார்த்திட்டு ரெண்டு பேர் என்னட்டக் கேட்டாங்கள், "இது அரசியல் கூட்டமா, கம்பியூட்டர் வகுப்பா?" எண்டு. ரெண்டும்தான். கியூபெக்கில் இருந்துகொண்டு மின்சாரத்தையும் அரசியலையும் பிரித்துக் கதைக்க ஏலாது. 1962 தேர்தலில் இங்கத்தைய லிபரல் கட்சி முன்வைத்த சுலோகம், "எங்கள் வீட்டில் நாங்களே எசமானர்" என்பது. தனியார் மின்சாரக் கம்பனிகளை மக்கள் சொத்தாக்குவதுதான் அந்தத் தேர்தலின் முழு விவாதமும். அமைச்சராக இருந்த றெனே லெவெக் அதை முன்னின்று நடத்தினார். 1963 மே 1 இல் அந்தக் கம்பனிகள் ஹைட்ரோ-கியூபெக்கின் கீழ் வந்தன.

நல்ல சுலோகம். ஆனால் அந்த "வீடு" யாருடையது என்று வடக்கில் இருந்த கிறீ மக்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. ஜேம்ஸ் பே அணைத்திட்டத்தை 1971 இல் அவர்களைக் கேளாமலே அறிவித்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போய்ப் போராடின பிறகுதான் 1975 இல் ஒப்பந்தம் வந்தது. மகாவலியின் பெயரால் மணலாறு போன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஹீட்டரைப் போடும்போது அதை மறக்கக்கூடாது. இது தனியே ஒரு கூட்டத்துக்கான விசயம், இண்டைக்கு இதோட விடுறன்.

இண்டைக்கு நான் கதைக்க வந்தது அந்தச் சுலோகத்தின் சின்ன வடிவத்தைப் பற்றி. உங்கட வீட்டின் ஹீட்டரை, லைட்டை, கதவுப் பூட்டை இப்ப யார் நடத்துகிறார்கள்?

போனில் ஒரு பட்டனை அமத்துறீங்கள், சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் இரண்டு பாகை கூடுது. போனுக்கும் சுவருக்கும் பத்தடி. ஆனால் அந்தக் கட்டளை பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே போய், ஏதோ ஒரு கம்பனியின் சேர்வரைத் தொட்டு, திரும்பி வருகிறது. அந்தச் சேர்வரை நிப்பாட்டினால்? இது கற்பனை இல்லை. ரிவொல்வ் என்று 300 டொலர் கருவி ஒன்று இருந்தது. கூகிளின் நெஸ்ட் அந்தக் கம்பனியை 2014 இல் வாங்கி, 2016 மே மாதம் சேவையை மூடியது. கருவி வெறும் பிளாஸ்டிக் டப்பாவாகிப் போச்சு. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியொன் என்ற கம்பனியின் சேர்வர்கள் ஒரு அறிவித்தலும் இல்லாமல் இருண்டு போயின. அதில் சுவாரசியம் என்னவென்றால், அடுத்த சில கிழமைகளில் பாவனையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பனியை வாங்கி மீண்டும் ஓடவைத்தார்கள். 2025 ஒக்ரோபர் 25 இல் நெஸ்டின் முதலாம், இரண்டாம் தலைமுறைத் தெர்மோஸ்டாட்டுகளுக்குக் கூகிள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் கையால் திருப்பலாம், போனிலிருந்து இனி முடியாது. கருவி பழுதாகவில்லை. கம்பனிக்கு அலுத்துப்போச்சு, அவ்வளவுதான்.

இதுக்கு மாற்று இருக்கு. ஹோம் அசிஸ்டென்ட் என்கிற மென்பொருளை 2013 இல் பவுலஸ் ஸ்கவுட்சன் என்ற டச்சுக்காரர் தொடங்கினார். திறந்த மூலம், இலவசம். 2024 இல் அது சுவிற்சர்லாந்தில் பதிவான, இலாப நோக்கற்ற ஓப்பின் ஹோம் பவுண்டேசனின் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கான கம்பனிகளின் கருவிகளை ஒரே இடத்தில் சேர்த்து, முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே, இன்ரநெற் இல்லாமலே நடத்தும். அதுக்குத் தேவை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கணினி.

இங்கதான் எல்லாரும் காசு செலவழிக்கத் தொடங்குவார்கள், புதுசா ஒரு பெட்டி வாங்குவம் என்று. வேண்டாம். 2025 ஒக்ரோபர் 14 இல் விண்டோஸ் 10 இன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாது என்பதுக்காக நல்ல லாப்டொப்புகள் றோட்டோரம் கிடக்கின்றன. றோஸ்மொன்டில் இன்சேர்ட்டெக் மாதிரி, பழைய கணினிகளைத் திருத்தி விற்கிற, இளையோருக்குத் தொழில் பழக்குகிற சமூக நிறுவனங்களும் இந்த நகரத்தில் இருக்கு. அப்படி ஒரு லாப்டொப்பில் லினக்ஸைப் போட்டு, அதுக்குள்ள ஒரு வேர்ச்சுவல் மெஷின் செய்து, அதுக்குள்ள ஹோம் அசிஸ்டென்டை ஓடவிடுவதைத்தான் நான் சொல்லப்போறன்.

வேர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன? ஒரு வீட்டுக்குள்ள ஒரு அறையை வாடகைக்கு விடுற மாதிரி. கணினியின் நினைவகத்தில், டிஸ்க்கில், புரொசசரில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கிறோம். உள்ளே இருக்கிற மென்பொருள், தனக்கு முழுக் கணினியே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். 1960 களிலேயே ஐ.பி.எம். இதைப் பெரிய கணினிகளில் செய்தது. லினக்ஸுக்குள் 2007 இல் கே.வி.எம். ஆக வந்து சேர்ந்தது. ஹோம் அசிஸ்டென்டுக்குப் பரிந்துரைக்கப்படுகிற ஆகக் குறைந்த அளவு 2 ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. டிஸ்க், இரண்டு புரொசசர் கோர். 8 ஜி.பி. லாப்டொப்பில் இதுபோக இன்னும் நிறைய மிச்சம் இருக்கும். அதே லாப்டொப்பில் இன்னொரு வேர்ச்சுவல் மெஷினில் எங்கட கூட்டுக்குழுவின் ஆவணங்களை வைக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றது விழாது.

நேரடியாகப் போட ஏலாதா? ஏலும். ஆனால் அப்ப அந்த முழு லாப்டொப்பும் அந்த ஒரு வேலைக்கே போயிடும். வேர்ச்சுவல் மெஷினில் அப்டேற் செய்ய முதல் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து வைக்கலாம். ஏதும் குழம்பினால் இரண்டு நிமிசத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதைவிடப் பெரிய காரணம் மொன்றியல்காரருக்குத்தான் விளங்கும்: யூலை 1. பாதி நகரம் ஒரே நாளில் வீடு மாறுகிற நாள். முழு வேர்ச்சுவல் மெஷினும் டிஸ்க்கில் ஒரு கோப்புத்தான். அதை நகலெடுத்துக்கொண்டு போய், வேறொரு கணினியில் வைத்து ஓடவிட்டால், உங்கட ஒழுங்குகள் எல்லாம் அப்படியே கூட வரும்.

செய்யிறவர்கள் சிக்குப்படுகிற இடங்களைச் சொல்லிவிடுறன். மெஷினை உருவாக்கும்போது பூட் முறையை யூ.ஈ.எஃப்.ஐ. என்று தெரிவு செய்யுங்கோ, இல்லாட்டி எழும்பாது. நெற்வேர்க்கை "பிரிட்ஜ்" முறையில் வையுங்கோ, அப்பதான் வீட்டு றவுட்டர் அதைத் தனி ஆளாகப் பார்க்கும், லைட்டுகளும் ஸ்பீக்கர்களும் அதன் கண்ணில் படும். வைஃபையில் பிரிட்ஜ் அனேகமாகச் சரிவராது. றவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கோ. ஸிக்பீ கருவிகளுக்கு ஒரு சின்ன யூ.எஸ்.பி. குச்சி தேவை. அந்தக் குச்சியை வேர்ச்சுவல் மெஷினுக்கே ஒப்படைத்துவிட வேண்டும். செற்றிங்கில் ஒரு வரிதான். லாப்டொப் மூடியைச் சாத்தினால் நித்திரை போகாதபடி மாற்றிவிடுங்கோ.

கரண்ட் பில் கூடாதா என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சும்மா ஓடுகிற லாப்டொப் ஏறத்தாழ 15 வாட் எடுத்தால் வருசத்துக்கு 130 கிலோவாட் மணி. இங்கத்தைய விலைக்குச் சுமார் பத்து டொலர். குளிர்காலத்தில் அந்த 15 வாட்டும் வீட்டுக்குள்ள சூடாகத்தான் போகுது, ஹீட்டர் அந்தளவு குறைவாக எரியும்.

இதால் என்ன பிரயோசனம்? கியூபெக்கில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தில்தான் சூடாகின்றன. 2023 பெப்ரவரி 3 இரவு, அந்தக் கடும் குளிரில், ஹைட்ரோ-கியூபெக்கின் தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டியது. அப்படியான நேரங்களில் பாவனையைக் குறைக்கத்தான் குளிர்காலக் கழிவுத் திட்டம் இருக்கு: அறிவிக்கப்பட்ட மணித்தியாலங்களில் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் அரை டொலருக்கு மேல் திரும்பக் கிடைக்கும். வழமையான முதல் அடுக்கு விலை சுமார் 7 சதம் என்பதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. குறைக்காவிட்டால் தண்டம் இல்லை. இதையே தானாகச் செய்ய ஹைட்ரோ-கியூபெக் ஹீலோ என்ற சேவையையும் நடத்துகிறது. அவர்களே உங்கட தெர்மோஸ்டாட்டை இறக்குவார்கள். ஹோம் அசிஸ்டென்டில் அந்த ஒழுங்கை நீங்களே எழுதலாம்: நேரம் வர முதல் வீட்டைக் கொஞ்சம் சூடாக்கு, பிறகு இரண்டு பாகை இறக்கு, குழந்தை படுக்கிற அறையைத் தொடாதே. அந்தக் கடைசி வரியை எழுதுகிற உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஆனால் பார்க்-எக்ஸ்ரென்சனில் வாடகைக்கு இருக்கிற எங்கட குடும்பங்களை நினையுங்கோ. யன்னலால் காத்து வருகிற அப்பார்ட்மென்டில் முன்கூட்டிச் சூடாக்கி என்ன பலன்? அரை மணித்தியாலத்தில் சூடு வெளியே போயிடும். ஹீட்டர் பில்லைக் கட்டுறது வாடகைக்காரர், சுவரைத் திருத்தவேண்டியது கட்டடச் சொந்தக்காரர். அவருக்கு என்ன அவசரம்? நல்ல சுவர் உள்ளவனுக்குக் கழிவு, ஓட்டை யன்னல் உள்ளவனுக்குப் போர்வை. எந்த மென்பொருளும் இதைத் தீர்க்காது. ஒரு உதவி மட்டும் செய்யும். இருபது டொலருக்குள் வாங்கக்கூடிய ஸிக்பீ வெப்பமானி ஒன்றை அறையில் வைத்தால், ஹோம் அசிஸ்டென்ட் நாள் முழுக்க எண்களைப் பதியும். "வீடு குளிருது" என்று சொல்வதுக்கும், "ஜனவரி முழுக்க விடிய ஐந்து மணிக்கு இந்த அறை 16 பாகை" என்று தாளில் காட்டுவதுக்கும் வாடகை நியாயசபையில் வித்தியாசம் இருக்கு. சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட்டை மட்டும் நீங்களே கழற்றாதீங்கோ. அது 240 வோல்ட். அனுமதிப் பத்திரம் உள்ள மின்வேலைக்காரர் செய்ய வேண்டியது, சொந்தக்காரரின் சம்மதத்தோட.

இன்னொன்று. தொழில்நுட்பத் தோழர்கள் இதைக் கேட்கும்போது முகத்தைச் சுளிப்பார்கள், எண்டாலும் சொல்லுறன். சேர்வரைக் கம்பனியிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் விடுதலை வந்துவிடாது. வீட்டுக்குள்ள அட்மின் யார்? எங்கட வீடுகளில் அனேகமாக அண்ணா, இல்லாட்டி அப்பா. ஹோம் அசிஸ்டென்ட் தானாகவே பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கும். வாசல் கதவில் ஒரு சென்சர் இருந்தால், தங்கச்சி இரவு எத்தனை மணிக்கு வந்தாள் என்று அட்மின் பார்க்கலாம். மனைவி இருக்கிற அறையின் ஹீட்டரை வேலைத்தலத்தில் இருந்தே நிப்பாட்டலாம். கூகிள் பார்க்கிறதை எதிர்க்கிற நாங்கள், அண்ணா பார்க்கிறதைப் பற்றி என்ன சொல்லப் போறம்? என் ஆலோசனை: வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அட்மின் கணக்கு இருக்கட்டும். கதவு, ஆள் நடமாட்ட சென்சர்களின் வரலாற்றைப் பதியாதபடி நிறுத்துங்கோ, அதுக்கு வசதி இருக்கு. சுவரில் கையால் அமத்துகிற சுவிட்ச் எப்பவும் வேலை செய்யவேண்டும், லாப்டொப் செத்தாலும். அம்மம்மா லைட்டைப் போட யாரையும் கூப்பிடத் தேவையில்லாமல் இருக்கவேண்டும்.

மொழியும் இருக்கு. ஹோம் அசிஸ்டென்டின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, ஆனால் மொழிபெயர்ப்பு அரைகுறை. யாரும் சேர்ந்து திருத்தலாம். ஒரு பின்னேரத்தில் நாலு பேர் இருந்தால் கனக்கச் செய்யலாம். "ஓட்டோமேசன்" என்பதுக்கு என்ன சொல்லுறது என்று சண்டை பிடிக்க நான் தயார்.

பின் மேசையில் ஒரு லாப்டொப் ஓடிக்கொண்டிருக்கு, அதில் வெப்பமானி ஒன்றும் லைட் ஒன்றும் இணைத்திருக்கு. வந்து தொட்டுப் பாருங்கோ, குழப்புங்கோ, ஸ்னாப்ஷொட் எடுத்து வைச்சிருக்கிறன். வீட்டில் பழைய லாப்டொப் சும்மா கிடக்கிறவர்களும், குளிர்கிற அப்பார்ட்மென்டில் வெப்பத்தைப் பதிய விரும்புகிறவர்களும் போக முதல் தாளில் பெயரை எழுதிவிட்டுப் போங்கோ. முதல் ஐந்து வெப்பமானிகளை எங்க வைக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும்.