நரியும் ஆடும், செந்நாயும் மானும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கால் மணி நேரம்தான். அதுக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். யார் யாரைத் தின்கிறார்கள், தின்பதால் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. அரசியல் பேசப் போகிறேன் என்று நினைத்து யாரும் எழுந்து போய்விட வேண்டாம். மிருகங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் பெண்ணாடத்துக்காரன். காலை ரயிலைப் பிடித்து விருத்தாசலம் வந்து படித்தவன். ரயில் தாமதமானால் முதல் வகுப்பு போய்விடும். அந்த நாட்களின் வருகைப் பதிவேட்டை யாரும் இப்போது எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே நிற்கிறேன்.

எங்களுக்கு வெள்ளாற்றங்கரைப் பக்கம் கரும்புக் கொல்லை. வீட்டில் ஏழெட்டு ஆடுகள். ராத்திரி நரி ஊளை கேட்டுக் கொண்டேதான் தூங்குவோம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு மாசி மாதம் பட்டியில் இரண்டு குட்டிகள் காணாமல் போயின. மூன்றாவது குட்டி கழுத்து கிழிந்து கிடந்தது. "நரிதாண்டா வேலையைக் காட்டிடுச்சு" என்றார் அப்பா. செத்த குட்டியின் வயிற்றைக் கீறி, கரும்புக்குப் போட வைத்திருந்த குருணை மருந்தை அள்ளிப் போட்டுக் கட்டினார். அதைக் கொல்லை வரப்பில் கொண்டுபோய் வைத்தவன் நான். கையில் துணி சுற்றிக் கொண்டு, ஏதோ பெரிய வீரச் செயல் செய்கிற நினைப்போடு வைத்தேன்.

விடிந்து பார்த்தால் இரண்டு நரிகள் செத்துக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி எங்கள் நாய் மணியும் கிடந்தது. அதற்குப் பிறகு எங்கள் கொல்லைப் பக்கம் நரி ஊளை குறைந்தது. இரண்டு வருஷத்தில் கரும்பில் எலி வெட்டு தாங்க முடியாமல் போயிற்று.

இந்தக் கதையை நம் கல்லூரிக் கருத்தரங்கில் நான் சொன்னது சில நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். "நரியைக் கொன்றோம், எலி பெருகியது, இதுதான் இயற்கைச் சமநிலை" என்று முடித்தேன். பலத்த கைதட்டல். கரும்பலகையில் முயலுக்கு ஒரு வளைகோடு, அதைப் பின்தொடர்ந்து லிங்க்ஸ் பூனைக்கு ஒரு வளைகோடு என்று நம் ஆசிரியர் வரைந்து காட்டிய பாடம் அப்படியே மனதில் இருந்த காலம். லோட்காவும் வோல்டெராவும் 1925, 26-இல் தனித்தனியே எழுதிய சமன்பாடுகள் அவை. இரை பெருகினால் வேட்டையாடி பெருகும்; அது பெருகினால் இரை குறையும்; இரை குறைந்தால் அது பட்டினி கிடந்து குறையும். பார்க்க அழகான கோடுகள்.

முதுநிலைப் படிப்பு முடித்ததும் முதுமலையில் ஒரு ஆராய்ச்சியாளருக்கு உதவியாளாகப் போனேன். அதுவரை எனக்கு யானை என்றால் எங்கள் ஊர்க் கோயிலின் தூங்கானை மாட விமானம்தான். முதுமலையில் யானை நின்று கொண்டே வரவேற்றது! எனக்குக் கொடுத்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். செந்நாயின் எச்சத்தைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார்: "ஏண்டா, நாய்ப்பீ பொறுக்கவா எம்.எஸ்ஸி. படிச்சே?"

அந்தப் பீயில்தான் விஷயமே இருக்கிறது. அதை அலசினால் இரையின் மயிர் கிடைக்கும். மயிரின் மேல்தோலில் செதில் செதிலாக ஒரு அமைப்பு, நடுவே ஒரு உள்தண்டு. கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புள்ளிமானா, கடமானா, முயலா என்று சொல்லிவிடலாம். செத்த இரையை மட்டும் தேடிப் போனால் கணக்குத் தப்பும். பெரிய மானின் எலும்பு கிடக்கும். சின்னக் கன்றையோ கூட்டம் மிச்சமில்லாமல் தின்றுவிடும். எச்சத்தை மட்டும் பார்த்தால், இரை கிழடா, இளசா, நோயாளியா என்பது தெரியாது. அதற்குத் தாடை எலும்பில் பல் தேய்மானம் பார்க்க வேண்டும். தொடை எலும்பை உடைத்து மஜ்ஜை பார்க்க வேண்டும். கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் நன்றாகத் தின்று வாழ்ந்த மான். சிவந்து கூழாக இருந்தால் பட்டினியில் வாடிய மான். இரண்டு வழியும் சேர்ந்தால்தான் உண்மை கொஞ்சம் பிடிபடும்.

செந்நாய்க்கு ஆங்கிலேயர் காலத்தில் இருந்த பெயர் மோசமானது. மானையெல்லாம் அழித்துவிடும் என்று சொல்லி, கொன்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு மான் தங்கள் பங்கு. செந்நாய் அதில் திருடன். இந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் நம்மைப் போலச் சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து கிளம்பியவர். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 78 வரை முதுமலைக்கு அடுத்த பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் பெரிய பாலூட்டிகளை முறைப்படி ஆராய்ந்த முதல் இந்தியர்களில் அவரும் ஒருவர். பிறகு டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 2024 ஜூன் மாதம் காலமானார். சின்ன ஊர்க் கல்லூரியில் படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிற தம்பிகளுக்காகச் சொன்னேன்.

அவருக்குப் பிறகு நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த், மெல்வின் சன்க்விஸ்ட் இருவரும் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் ஒரே காட்டில் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்து 1995-இல் எழுதினார்கள். கொன்ற இரையின் சராசரி எடை புலிக்கு 91.5 கிலோ, சிறுத்தைக்கு 37.6, செந்நாய்க்கு 43.4. புலி காட்டெருமை, கடமான் போன்ற பெரியதைத் தேடுகிறது. மற்ற இரண்டும் நடுத்தர அளவு இரையைப் பார்க்கின்றன. எல்லா அளவிலும் இரை ஏராளமாக இருக்கும் காட்டில் மூன்றுக்கும் பந்தி உண்டு. பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள செந்நாய் தன்னைவிடப் பெரிய மானை வீழ்த்துவது கூட்டத்தின் பலத்தால்தான்.

ஆனால் ஆராய்ச்சியில் கடினமான கேள்வி, என்ன தின்கிறது என்பதல்ல. தின்னாமல் விட்டிருந்தால் அந்த மான் பிழைத்திருக்குமா என்பதுதான். கோடையில் எப்படியும் சாகப் போகிற மானைச் செந்நாய் ஒரு மாதம் முன்னால் பிடித்தால் மான் கூட்டத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. குட்டி போடுகிற வயதில் நன்றாக இருக்கும் பெட்டையைப் பிடித்தால் நஷ்டம். செத்த கணக்கு இரண்டிலும் ஒன்றுதான், விளைவு வேறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் போதாது.

முதுமலையில் என்னோடு நடந்த குறும்பர் பெரியவர் ஒருவர் உண்டு. ஒரு ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது என் நரிக் கதையை, கருத்தரங்கில் சொன்ன அதே தோரணையில் சொன்னேன். அவர் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, குட்டியைப் பிடிச்சது நரிதான்னு எப்படித் தெரியும்? காலடி பார்த்தீங்களா?" என்றார்.

பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. எங்கள் தெருவில் அப்போது எஜமானில்லாத நாய்கள் நாலைந்து சுற்றிக் கொண்டிருந்தன. கழுத்தைக் கிழித்துவிட்டுத் தின்னாமல் போனது நரியா, நாயா? கடித்த பல்லின் இடைவெளியை அளந்தோமா? ஒன்றுமில்லை. தீர்ப்பு முதலில், விசாரணை பதினைந்து வருஷம் கழித்து, ஒரு காட்டில்.

சரி, எலி பெருகியதாவது நரி செத்ததால்தானா? அதையும் நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதே இரண்டு வருஷத்தில் எங்கள் பக்கம் நெல் வயல்கள் பல கரும்பாக மாறின. கரும்பு வருஷம் முழுக்க நிற்கும். எலிக்குத் தங்கலும் சாப்பாடும் நிச்சயம். ஆந்தை குறைந்ததா, பாம்பை அடித்தார்களா, எதற்கும் கணக்கில்லை. நரி எலியைத் தின்பது உண்மை. ஆனால் இரண்டே நரிகள் போனதால்தான் எலி பெருகியது என்பது நான் கைதட்டலுக்காகக் கட்டிய கதை.

இந்தத் தவறு எனக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களை ஒழித்தார்கள். 1995, 96-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடக்குப் பகுதி எல்க் மான்கள் 1994 வாக்கில் 19,000 அளவில் இருந்தவை 2013-க்குள் 4,000-க்கும் கீழே வந்தன. ஓநாய் வந்தது, மான் குறைந்தது, ஆற்றங்கரை வில்லோ மரங்கள் துளிர்த்தன, ஆறே திசை மாறியது என்று உலகம் முழுக்க ஒரு கதை பரவியது. கேட்க இனிமையான கதை. ஆனால் அதே வருஷங்களில் கரடியும் மலைச் சிங்கமும் பெருகின, பூங்காவுக்கு வெளியே மனிதர் வேட்டை நடந்தது, வறட்சியும் வந்தது. ஓநாய்க்குப் பங்கு உண்டு, முழுப் பங்கு இல்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 20 ஆண்டு நடத்திய சோதனை முடிவை 2024-இல் வெளியிட்டார்கள். பீவர்களின் அணைகள் போய், ஓடைகள் ஆழமாக அரித்து, நிலத்தடி நீர் இறங்கிவிட்ட இடங்களில், ஓநாய் திரும்பி வந்தது மட்டும் பழைய நிலையைக் கொண்டுவரவில்லை என்றார்கள். ஒரு உயிரை எடுத்துவிட்டால், எழுபது வருஷம் கழித்துத் திருப்பி வைத்தாலும் பழைய வீடு அப்படியே இருக்காது. எனக்குப் பட்ட பாடம் அதுதான்.

அப்பா கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மூன்று குட்டி போனால் அந்த வருஷம் என் பள்ளிக்கூடச் செலவு போச்சு, அதுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. அதுவும் உண்மையான கணக்குதான். எல்லாம் கேட்டுவிட்டு, "மணி போனது மட்டும் நம்ம தப்புடா" என்றார். அவ்வளவு வருஷமும் அவர் மனதிலும் அது இருந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். காட்டுக்குப் போக எல்லோருக்கும் வாய்க்காது. உங்கள் ஊரிலேயே இரண்டு வயலை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் ஆந்தை உட்காரப் பறவை தாங்கிக் குச்சி நடுங்கள், மற்றதில் நடாதீர்கள். வாரம் ஒருமுறை இரண்டிலும் எலி வளைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். இரண்டு வயலை வைத்துக் கொண்டு நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் ஜூனியர் மாணவர்கள் பத்து வயலில் செய்யட்டும். வித்தியாசம் வந்தால் எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள். கைதட்டல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. யாராவது "நரிதான்" என்று சொன்னால், "காலடி பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துக் கொள்கிறேன்.