கற்றோர் மீண்டும் மாணவராதல்



கண்டியிலிருந்து மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து எங்கள் நாலந்தா அமைந்துள்ளது. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயிலைக் காண்போர் சற்றே திகைப்பர். அதன் அமைப்போ பல்லவர் வழிவந்த திராவிடக் கோயிலின் அமைப்பு. அதுவே பௌத்தரின் வழிபாட்டிடமும் ஆகும். போவத்தன்ன நீர்த்தேக்கம் உருவானபோது, கல் கல்லாகப் பிரித்து மேட்டு நிலத்தில் அதனை மீண்டும் எழுப்பினர். ஒரு மரபில் வளர்ந்த கலை, வேறொரு மரபினரின் பத்திக்கு இடங்கொடுத்து நிற்கிறது. கல்லில் நிகழ்ந்த இதனைச் சொல்லில் நிகழ்த்த முயன்றோர் சிலரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அவர்கள் கத்தோலிக்க இறையியல் கற்றவர்கள்.

இறையியலைத் தேவசாஸ்திரம் என்று கூறுவதும் உண்டு. நம்புகின்ற ஒன்றை அறிவினாலும் விளங்கிக்கொள்ள முற்படும் கல்வியே அது. குருமாணவர் முதலில் தத்துவம் பயில்வர். பின்னரே மறைநூல், கோட்பாடு, அறநெறி, திருச்சபை வரலாறு, திருச்சபைச் சட்டம் முதலியவற்றைக் கற்பர். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டில் கண்டியை அடுத்த அம்பிட்டியாவில் நிறுவிய குருமடம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரை உருவாக்கிற்று. 1955ஆம் ஆண்டில் அது பூனாவுக்குப் பெயர்ந்தது. அக்காலக் குருமடங்களில் இறையியல் இலத்தீன் மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. அவ்வாறு கற்றதை மாத்தளைத் தோட்டத் தொழிலாளிக்கும் மன்னார்க் கடலோடிக்கும் எந்தச் சொல்லால் விளக்குவது? கற்றவருக்கு உண்மையான பரீட்சை அங்கேதான் தொடங்கிற்று.

அப்பரீட்சையை எழுதியவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் குறிப்பிடத்தக்கவர். கோவாவில் 1676ஆம் ஆண்டு பிறந்து, அங்கேயே இறையியல் கற்றுக் குருவானவர். கத்தோலிக்க சமயத்தை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த நாளில், 1705ஆம் ஆண்டு இலங்கை வந்து, பின்னாளில் புனிதராக உயர்த்தப்பெற்ற யோசப் வாஸ் அடிகளாருக்குத் துணைநின்றார். கொங்கணி நாட்டில் பிறந்த அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூலியற்றும் அளவுக்குப் புலமை பெற்றார். தம் மொழிநடையை மக்கள் மீது சுமத்தாமல், மக்களின் காதுக்குப் பழகிய புராண நடையையும் பிரசங்க நடையையும் தமதாக்கினார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் வட இலங்கையில் தவக்காலந்தோறும் இன்றும் ஓதப்படுகின்றது. எழுத்தறியாத பாட்டியும் கேட்டுக் கண்ணீர் உகுக்கின்றார் எனின், இறையியலுக்கு அதனினும் சிறந்த உரை எது? எனினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பிற சமயங்களை மறுத்து வாதிடும் நூல்களையும் அவர் எழுதினார். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்றார். அவர்தம் சமயத்தையோ எதிர்வாதமாகவே நோக்கினார். அது அந்நூற்றாண்டின் இயல்பு.

நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்தவர் தனிநாயகம் அடிகளார். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913ஆம் ஆண்டு பிறந்து, உரோமையில் இறையியல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பட்டத்தோடு மனநிறைவு கொண்டிருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது, தம் தாய்மொழியில் தமக்குள்ள பயிற்சி போதாதென உணர்ந்து, தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே சேர்ந்தார். பிற்காலத்தில் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு அவரே உந்துவிசையாக விளங்கினார். சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் தம்மவராகக் கொண்ட கத்தோலிக்கக் குரு அவர்.

கொன்சால்வெஸ் அடிகளார் நின்ற எல்லையைத் தாண்டி நடந்தவர் அலோசியஸ் பீரிஸ் அடிகளார். இயேசு சபையைச் சேர்ந்த இவர், பௌத்தத்தை எதிர்வாதத்துக்காகக் கற்கவில்லை. பௌத்த அறிஞர்களின் மாணவராக அமர்ந்து, 1972ஆம் ஆண்டு பௌத்தத் தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். களனியில் துலன என்னும் ஆய்வகத்தையும் 1974ஆம் ஆண்டு நிறுவினார். தம் நம்பிக்கையைக் கைவிடாமலே பிறர் நம்பிக்கையை மதித்து ஆராயலாம் என்பதற்கு இவர் வாழ்வு சான்றாகும்.

நேயர்களே, நம் மாவட்டத்தில் நான்கு சமயத்தாரும் ஒரே சந்தையில் கூடுகின்றோம். ஒரே பேருந்தில் பயணஞ்செய்கின்றோம். ஆயினும் அயலவரின் பண்டிகைப் பலகாரத்தின் சுவையை அறிந்த அளவுக்கு அவர்தம் சமயத்தின் பொருளை அறிந்தோமா? அறியாமை வெறும் வெற்றிடமாக இருப்பதில்லை. ஐயமும் வதந்தியும் அங்கே குடியேறுகின்றன. அதன் விலையை இந்நாடு பலமுறை கொடுத்துவிட்டது. பட்டம் பெற்ற பெரியோர் மீண்டும் பாடப்புத்தகத்தைக் கையிலெடுத்தனர். நம் பிள்ளைகள் தத்தம் சமயத்தை நன்கு கற்கட்டும். கற்றபின், அடுத்த வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று மதிப்போடு கேட்கவும் பழகட்டும். அக்கேள்வியை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது பெற்றோராகிய உங்களுக்கும் ஆசிரியராகிய எங்களுக்கும் உரிய கடமையாகும்.