பாங்காக்கில் பாவைப் பாட்டு



பாங்காக் செல்வோர் அங்காடிகளையும் பொற்புத்தரையும் கண்டு மகிழ்வர். தமிழர் கண்கள் தேட வேண்டியது வேறொன்று. சுதாட் விகாரையின் முன்னே செந்நிறத் தேக்குத் தூண்கள் ஓங்கி நிற்கின்றன, ஊசற்பலகை இல்லை. 1784இல் முதலாம் இராமர் நாட்டிய ஊஞ்சல் அது. 1920இல் இவ்விடம் மாறியது. இன்றைய தூண்கள் 2007இல் நிறுவப்பட்டவை. ஊசல் விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும் சயாமியர் நாவில் அவ்வாறு மருவின.

ஊசலாட்டம் 1935ஆம் ஆண்டோடு நின்றது. அருகிலுள்ள தேவஸ்தானக் கோயிலில் அந்தணர் வழிபாடு தொடர்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாசுர ஒலியைக் காத்தனர்; பொருள் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. திருவாதவூராரும் ஆண்டாளும் நம் பாண்டிநாட்டார். மார்கழி வைகறையில் ரெட்டியார்சத்திரத்துச் சிறுவன் பாவை பாடுகிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான். கடல் கடந்தவர்க்குத் தூரம் காரணம். நமக்கு எது காரணம்?

திருவெம்பாவை இருபது, திருப்பாவை முப்பது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், வரும் மார்கழியில் ஐம்பதுக்கும் சிறுவர்க்குப் பொருளுரைக்கட்டும். ஒலியைக் காத்த அயலாருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.