தொண்டையிலிருந்து உதடு வரை

 

இருக்கிற இடத்திலேயே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ‘பக்கம்’ என்று சொல்லத் தொடங்கி, ‘பக்’ என்பதோடு நிறுத்துங்கள். நாக்கின் பின்பகுதி மேலே போய் அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது அல்லவா? ஏறக்குறைய அங்கேதான் அரபியின் ஒரு ‘காஃப்’ பிறக்கிறது. இப்போது நாக்கை இன்னும் பின்னுக்கு இழுத்து, உள்நாக்குக்குப் பக்கத்தில் முட்டவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒலி கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். அது வேறோர் எழுத்து. அதன் பெயரையும் தமிழில் ‘காஃப்’ என்றுதான் எழுத முடிகிறது. சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் ‘குல்’ என்று தொடங்கும். உள்நாக்குப் பக்கமிருந்து வந்தால் ‘சொல்வீராக’ என்று பொருள். அண்ணத்திலேயே நின்றுவிட்டால் ‘சாப்பிடு’! ‘கல்ப்’ என்பதும் அப்படியே. ஆழத்திலிருந்து வந்தால் இதயம், மேலோட்டமாக வந்தால் நாய். 110ஆம் அத்தியாயத்தில் வரும் ‘நஸ்ர்’ உதவியைக் குறிக்கிறது. அதிலுள்ள ‘ஸாத்’ கனமான எழுத்து. அது மெலிந்து ‘ஸீன்’ ஆகிவிட்டால் கழுகு என்றாகிவிடும். அந்தப் பெயரில் மக்கள் வணங்கிய ஒரு சிலையை 71ஆம் அத்தியாயம் குறிப்பிடவும் செய்கிறது. இப்படி எழுத்தே மாறிப்போகும் பிழையை, குர்ஆனைத் திருத்தமாக ஓதும் முறையான தஜ்வீத் கலையில் ‘லஹ்ன் ஜலீ’, அதாவது வெளிப்படையான பிழை என்பார்கள். மூக்கொலியைச் சற்றுக் குறைத்துவிடுவது போன்றவை மறைவான பிழைகள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்து பிறக்கும் இடத்துக்கு ‘மக்ரஜ்’ என்று பெயர். தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்றொரு பகுதி இருப்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அதே வேலையை அரபிக்கு 8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து அறிஞர்கள் செய்தார்கள். கலீல் இப்னு அஹ்மதின் பெயரால் வழங்கும் அகராதி, தொண்டையில் பிறக்கும் ‘ஐன்’ எழுத்தில் தொடங்கி உதடு வரை வருகிறது. அவருடைய மாணவர் சீபவைஹி, பாரசீகர். அவர் எண்ணிச் சொன்ன இடங்கள் 16. பின்னாளில், 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரீ 17 என்றார். இன்றைக்கும் மதரஸாக்களில் அவர் கணக்கைத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஓர் எழுத்தின் இடம் எதுவென்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தவர் சொன்ன உபாயம் எளிது. அதற்கு முன்னால் ஓர் ‘அ’வைச் சேர்த்து, எழுத்தைப் புள்ளி வைத்த மெய்போல நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒலி எங்கே போய் அடைபடுகிறதோ, அதுதான் இடம். சற்று முன் ‘பக்’ என்று நாம் செய்ததும் அதுவே.

ஓதப்பள்ளியில் பிள்ளைகள் திணறுவது ‘ஸா’ என்று எழுதப்படும் எழுத்தில். நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட்டு, கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். வீட்டில் நாக்கை நீட்டினால் அடி விழும். ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் முன்னால் நீட்டாவிட்டால் திட்டு விழும். முன்பல் விழுந்த ஏழு வயதுப் பிள்ளைக்கோ நாக்கைத் தொடவைக்கப் பல்லே இருக்காது. விவரம் தெரிந்த உஸ்தாத் பல் முளைக்கும் வரை அந்த எழுத்தில் அதிகம் கெடுபிடி காட்டமாட்டார்.

குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகங்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அரபி எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்களுக்கு அவை கைகொடுத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மட்டுமே நம்பி ஓதக் கற்றுக்கொள்வது ஆகாது என்பதுதான் என் கருத்து. இரண்டு காஃபும் அங்கே ஒன்றாகிவிடும். தொண்டையின் ‘ஐன்’ வெறும் ‘அ’ ஆகிவிடும். ‘அலீம்’ என்று எழுதியிருந்தால் அது எல்லாம் அறிந்தவனா, வேதனை தருவதா என்று எப்படித் தெரியும்?

ஒலிப்பதிவு பரவாயில்லை. எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ 1961இல் குர்ஆன் முழுவதையும் நிறுத்தி நிதானமாக ஓதிப் பதிவு செய்தார். 1964இல் குர்ஆனுக்கென்றே கெய்ரோவில் தனி வானொலி நிலையம் தொடங்கியது. வானொலிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் வானொலி நம் வாயைப் பார்க்காது. உஸ்தாதுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்து ஓதி, அவர் ‘இன்னொரு தரம்’ என்று சொல்வதைக் கேட்டுத்தான் நாக்கு வழிக்கு வரும்.

கடைசியாக, நம் பகுதியில் உள்ள ஒரு வழக்கு. ஃபாத்திஹா அத்தியாயத்தின் கடைசிச் சொல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் ‘ளால்லீன்’ என்று ஓதுவார்கள். ரமளான், உளூ, பர்ளு எல்லாவற்றிலும் இதே ‘ளாத்’ எழுத்துதான். வளைகுடாவிலிருந்து திரும்பிய பேரன், கனத்த ‘த’வாக அதை ஓதிக்காட்டி, “இப்படித்தான் பாட்டிம்மா ஓதணும்” என்கிறான். சீபவைஹி என்ன சொல்கிறார்? நாக்கின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் ளாத் பிறக்கிறது என்கிறார். நம் ல, ள இரண்டுக்கும் நாவின் விளிம்பைத்தான் தொல்காப்பியமும் சொல்கிறது. அரபியின் ‘அல்காளீ’ ஸ்பானிய மொழிக்குப் போய் ‘அல்கால்தே’ ஆனபோது நடுவில் ஒரு ‘ல்’ ஒட்டிக்கொண்டதும், அந்தக் காலத்து ளாத் எப்படி ஒலித்தது என்பதற்கு ஒரு தடயம். ஆக, பாட்டி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்முடைய ‘ள’ மெலிந்தது. ளாதுக்கு நாக்கின் பின்பகுதி உயர்ந்து, ஒலி வாய் நிறைய வர வேண்டும். பேரன் நாக்கை நுனியிலிருந்து ஓரத்துக்கு மாற்றிப் பழக வேண்டும். பாட்டி அதே இடத்தில் கனத்தைக் கூட்டினால் போதும். இரண்டில் பாட்டியின் வேலைதான் சுலபம்.