இயந்திரக் கல்வியும் தொழிலாளியின் உயிரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மின்பொறியியலையும் ரோபோ எனப்படும் எந்திர மனிதக் கலையையும் மாணவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதில் என்ன உரிமை என்று தோன்றாமலில்லை. ஆயினும், நம் காலனிப் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில்கின்றனர். கட்டணம் கட்டுவோர்க்குக் கேட்கும் உரிமை உண்டன்றோ?

இக்கல்விக்கு நம் வட்டாரத்தில் குறைவில்லை. பாலக்காட்டில் 1960-ஆம் ஆண்டு என்.எஸ்.எஸ். பொறியியற் கல்லூரி தோன்றியது, 2015-இல் ஐ.ஐ.டி. வந்தது. அதன் தொடக்கத் துறைகளுள் மின்பொறியியலும் ஒன்று. கிழக்கு மலைக்குச் சென்றால், மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-இலேயே நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. இடுக்கி அணையின் நீரைக் கொண்டு மூலமற்றத்தில் பாறைக்குடைவினுள் ஆறு மின்னாக்கிகள் சுழல்கின்றன. அவற்றின் மொத்தத் திறன் 780 மெகாவாட். (அம்மாவட்டத்திற்கு இன்றும் இரயில் இல்லை. மூணாற்றுப் பக்கம் ஓடிய சிறு இரயிலையும் 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று. இரயில்வேக்காரர் வாய் இதைச் சொல்லாமல் இராது!)

இத்தனை இருந்தும், பிள்ளைகள் வீட்டில் செய்வது யாது? முன்னாண்டு மாணவனின் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகின்றனர். சோதனையைச் செய்யுமுன்னரே விடை தெரிந்துவிடுகிறது. இது கல்வியன்று; நகலெடுப்பு. அந்த வேலையை எழுத்தராகிய நாமே திறம்படச் செய்வோம்.

எந்திர மனிதன் என்றால் என்ன? சூழ்நிலையை உணரும் உறுப்பு, உணர்ந்ததை வைத்து முடிவு செய்யும் உறுப்பு, முடிவை நிறைவேற்றும் மோட்டார் முதலிய உறுப்பு ஆகிய மூன்றும் கூடியது. இம்முறையின் எளிய வடிவம் நம் இருப்புப் பாதையிலேயே உண்டு. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அமைத்த டிராக் சர்க்யூட்டைத்தான் சொல்கிறோம். தண்டவாளத்தின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, ஒரு முனையிலிருந்து சிறு மின்னோட்டம் அனுப்புகிறார்கள். மறுமுனையில் ஒரு ரிலே அதனால் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். வண்டி ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் மின்னோட்டம் அவ்வழியே திரும்புகிறது, ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பாகிறது. கருத்தில் கொள்ள வேண்டியது இனித்தான். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அதே ரிலே விழுந்து அதே சிவப்பைக் காட்டும். பழுது நேர்ந்தால் பாதுகாப்பின் பக்கமே சாயவேண்டும் என்பதை முதல் நாளே மாணவன் கையால் செய்து உணரவேண்டும். கணினி நிரல் எழுதுவதெல்லாம் பின்பு ஆகட்டும்.

பாதுகாப்பு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் நச்சு வாயுவால் மடிந்தனர். அவர்களைக் காக்கக் குதித்த ஆட்டோ ஓட்டுநரும் உயிர் துறந்தார். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது; குழி மட்டும் ஆளைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஷொறணூரைத் தாண்டி மங்களூர்ப் பாதையில் சென்றால் குற்றிப்புறம். அங்குள்ள எம்.இ.எஸ். பொறியியற் கல்லூரியில் பயின்ற இளைஞர் சிலர், மாணவப் பருவத்தில், உடல்மேல் அணிந்து வலிமை பெறும் பொறியொன்றைச் செய்து பார்த்தவர்கள். அக்கைப் பழக்கமே பின்னர் ‘பாண்டிகூட்’ என்னும் பொறியாக வளர்ந்தது. குழிவாயில் ஒரு தாங்கி நிற்க, சிலந்திபோற் கால் விரிக்கும் பகுதி உள்ளே இறங்கி, காமிராவால் பார்த்து, கழிவை வாரி மேலே தருகிறது. நச்சு வாயுவை உணரும் கருவியும் அதில் உண்டு. 2018-இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது. பின்னர் நம் கும்பகோணத்திற்கும் போயிற்று.

பொறியின் நுட்பத்தைவிட நாம் வியப்பது மற்றொன்று. குழியில் இறங்கிய தொழிலாளர்க்கே அதை இயக்கப் பயிற்சி அளித்தனர். பொறி வந்ததால் அவர் வேலையிழந்து வீதியில் நின்றிருப்பின், அது அரைக் கல்வியே. சென்னை ஐ.ஐ.டி.யிலும், கழிவுநீர்த் தொட்டிக்கான ‘ஹோமோசெப்’ என்னும் பொறி ஒரு மாணவனின் இறுதியாண்டுத் திட்டத்திலிருந்தே வளர்ந்தது. ஆகவே, கடையில் வாங்கிய பொம்மை வண்டியைக் கறுப்புக் கோட்டின்மேல் ஓடவிட்டு மதிப்பெண் பெறுவதோடு இறுதியாண்டு முடிய வேண்டியதில்லை.

கணக்கு வேண்டுமாயின் நம் வாயிலிலேயே இருக்கிறது. வாளையாற்றுக் காட்டில் இரவில் பாதையைக் கடக்கும் யானைகள் வண்டியில் அடிபட்டு மாண்டுள்ளன. அதைத் தடுக்க மதுக்கரைப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை 2024-இல் 12 கோபுரங்களில், செயற்கை அறிவால் யானையைக் கண்டு எச்சரிக்கும் காமிராக்களை நிறுவியது. மழையில் அக்கண் எவ்வளவு தெளிவாய்க் காணும்? மாட்டை யானையென்று எண்ணி வண்டியை நிறுத்தினால் என் செய்வது? எஞ்சின் ஓட்டும் நம் அண்ணன்மாரிடம் கேட்டறிந்து, மாணவர்கள் இவற்றை ஆராயலாம்.

நம் காலனியில் சிக்னல் பகுதியில் உழைத்து ஓய்வு பெற்றோர் இருக்கின்றனர். சங்கக் கூடம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் காலியாகவே கிடக்கிறது. மேசையும் மின்சாரமும் சங்கத்தின் பொறுப்பு. பழைய ரிலே ஒன்றை மட்டும் யாரும் எடுத்து வந்துவிட வேண்டாம். அது இரயில்வே உடைமை. கடையில் வாங்கிக்கொள்வோம்; முதல் ரிலேயின் விலையை நாமே தருகிறோம்.