வார்டுக்கு ஒரு குடிநீர் நிலையம் வேண்டும்



ஒரு பக்கம் புழல் ஏரி, மறுபக்கம் செம்பரம்பாக்கம். சென்னைக்கே குடிக்கக் கொடுக்கிற இரண்டு ஏரிகளுக்கு நடுவே நாம் குடியிருக்கிறோம். செம்பரம்பாக்கத்துச் சுத்திகரிப்பு நிலையம் மட்டும் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தரக் கட்டப்பட்டது. அப்படியிருந்தும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர்தான். கேன் 35 ரூபாய், இரண்டு நாளைக்கு ஒன்று என்று வைத்தாலே மாதம் 525 ரூபாய் போகிறது. போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும்; உப்பு போகுமா? ஆலைக் கழிவில் வந்த உலோகம் போகுமா? நம் பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பது பசுமைத் தீர்ப்பாயம்வரை போன வழக்கு.

சரி, காசு கொடுத்து வாங்குகிற கேனையாவது நம்ப முடிகிறதா? வெயிலில் கிடந்து மங்கிப்போன கேன், அடியில் கீறல், உள்விளிம்பில் பாசி, மூடிமேல் மட்டும் புத்தம் புதிய சீல். அந்தச் சீலை யார் ஒட்டினார், எங்கே நிரப்பினார் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. 2024 அக்டோபரில் அடைத்து விற்கும் குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே அதே ஆணையம் இந்தத் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆபத்து என்று ஆணையமே சொல்லும்போது, நாம் மூடியைப் பார்த்து நம்பிக் குடிக்க வேண்டுமா?

அதனால்தான் கேட்கிறேன்: வார்டுக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம், உள்ளாட்சியின் பொறுப்பில்; நம் பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள 20 லிட்டர் 7 ரூபாய். அரசு நடத்தினால் உருப்படாது, அம்மா குடிநீர் என்ன ஆனது என்று கேட்பார்கள். 2013இல் வந்த அந்தத் திட்டத்தில் கும்மிடிப்பூண்டியில் பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக லாரியில் ஏற்றினார்கள். நாம் கேட்பதில் பாட்டிலும் இல்லை, லாரியும் இல்லை. பெங்களூரில் இத்தகைய நிலையங்கள் 20 லிட்டரை 5 ரூபாய்க்குக் கொடுத்தன. 2024 கோடையில் போர் வற்றியபோதுதான் தடுமாறின. ஆகவே நம் நிலையங்களுக்கு ஏரித் தண்ணீர் குழாயில் வர வேண்டும். ஏரியே வற்றினால்? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தார்களே! குளிக்கவும் துவைக்கவும் போதாத தண்ணீர் அது. குடிப்பதற்கு மட்டும் என்று ஒதுக்கினால் எத்தனை குடும்பங்களுக்குக் காணும்!

குழாயிலேயே நல்ல தண்ணீர் கேட்காமல் இது எதற்கு என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒடிசாவின் பூரி 2021இல் அதைச் செய்துகாட்டியது; நமக்கும் அது வேண்டும், விடமாட்டோம். ஆனால் தெருத்தெருவாகத் தோண்டிக் குழாய் மாற்ற ஆண்டுகள் ஆகும், அதுவரை குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது? கேன் போடுகிற தம்பிகளின் பிழைப்பு போய்விடும் என்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாத முதியவர்களுக்கு அந்தத் தம்பிகளே நிலையத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கூலியை உள்ளாட்சி நிர்ணயிக்கட்டும். நிலையத்தின் வாசலில் ஒரு பலகை வையுங்கள். கடைசியாகப் பரிசோதித்த தேதி, உப்பின் அளவு, கிருமி உண்டா இல்லையா, பொறுப்பு அதிகாரியின் தொலைபேசி எண், இத்தனையும் அதில் எழுதியிருக்க வேண்டும். வருகிற பட்ஜெட்டிலேயே இதற்குப் பணம் ஒதுக்குங்கள்.