பெட்டியும் பாதையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை மாற்றிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்கவில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர்கள் அக்காலத்தில் மிகுதி என்பதே அதற்குக் காரணம் போலும். இன்று அப்படியன்று. பிழைப்பு அழைக்கும் திசையெல்லாம் குடும்பம் செல்கிறது. குடும்பத்தின் பின்னே அதன் தட்டுமுட்டுச் சாமான்களும் செல்கின்றன.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும், தமிழ்நாட்டை ஒட்டிய எல்லையோரத்தில் வாழும் நம்மவர்க்கு இந்த அனுபவம் புதியதன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குடும்பங்கள் கோவைக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் பெயர்கின்றன. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தேனிக்கோ திருநெல்வேலிக்கோ இறங்குகின்றனர். அவர்கள் கொண்டு இறங்குவது முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பின் மிச்சம். வழியில் அது உடைந்துபோனால் மீண்டும் வாங்குவதற்கு மாதச் சம்பளம் இல்லை. ஆகவே, சாமான் சேதமின்றி ஊர் போய்ச் சேருவது எப்படி என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

நாம் அறிந்த ஒரு குடும்பம், மூணாற்றுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூருக்குப் புறப்பட்டது. லயத்திலிருந்து சாலை வரை தலைச்சுமை. அங்கிருந்து மூணாறு வரை ஜீப். பிறகு தேனி வரை சிறு லாரி. தேனியில் வேறொரு லாரி. ஊர்முனையில் மீண்டும் தலைச்சுமை. ஐந்து முறை ஏற்றி ஐந்து முறை இறக்கினார்கள். வீடு சேர்ந்தபோது பீரோவில் கண்ணாடி இல்லை. தையல் இயந்திரத்தின் சக்கரம் வளைந்திருந்தது. சாமான் மூட்டை ஒன்று எங்கே தவறியது என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. ஆட்டுக்கல் ஒன்றே பழுதின்றி வந்தது!

இந்தச் சேதத்தைச் செய்தது தூரமா? அன்று, பெரும்பாலும் கைமாற்றமே. ஒரு பொருளை எத்தனை முறை தூக்கி வைக்கிறோமோ, அத்தனை முறை அது உடைவதற்கும் தொலைவதற்கும் வாய்ப்பளிக்கிறோம்.

இந்த உண்மையை வாணிபத்தில் நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர். அவர் லாரித் தொழில் நடத்தியவர். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெரும் பெட்டிகளை ஏற்றி, நூவர்க்கிலிருந்து ஹூஸ்டன் துறைமுகத்திற்கு அனுப்பினார். லாரியிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்காமல், பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தார். சரக்கைத் தொடாதே, பெட்டியைத் தொடு என்பதே அதன் தத்துவம். கன்டெய்னர் என்று நாம் வழங்கும் சரக்குப் பெட்டகம் உலகெங்கும் பரவியது அதன் பின்னரேயாகும்.

நம் நாட்டு ரயில்வே, வாசலிலிருந்து வாசலுக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் பெட்டகங்களை 1966-இல் புகுத்திற்று. கடல் கடந்து வரும் சர்வதேச அளவுப் பெட்டகம் இந்தியாவில் முதன்முதல் கையாளப்பட்டது 1973-இல், நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில். 1998-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் மற்றொரு முறை தோன்றியது. சிறு பெட்டகத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். குடும்பத்தார் தம் வசதிப்படி நிரப்பிப் பூட்டியபின் வந்து எடுத்துச் செல்வார்கள். புதுவீடு ஆயத்தமாகவில்லையெனில், பெட்டகம் கிடங்கில் காத்திருக்கும்.

இதெல்லாம் பிற நாட்டார் வித்தை என்று எண்ண வேண்டா. நம் மலையிலேயே இதற்கொரு முன்மாதிரி இருந்தது. 1908-இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே, குண்டளைப் பள்ளத்தாக்கில், இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதை ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி டாப் ஸ்டேஷன் சேர்ந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர் வண்டியேறிப் போடிநாயக்கனூர் கண்டு, தூத்துக்குடியில் கப்பலேறின. இத்தனை கைமாறியும் உள்ளிருந்த தேயிலையை வழியில் எவர் கையும் தொடவில்லை. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. எனினும் ஒட்டுப்பலகையில் தகரவிளிம்பு கட்டிய தேயிலைப் பெட்டி மறையவில்லை. இங்கிலாந்தில் வீடு மாற்றுவோர் பாத்திரம் பண்டங்களை அடுக்கிச் செல்லவும் அப்பெட்டியே நெடுங்காலம் உதவிற்று.

அந்தத் தேயிலைப் பெட்டி நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. கம்பிவடத்தில் செல்லும் பெட்டி, அது தாங்கும் அளவில் இருந்தாக வேண்டும். பாதையின் மிகக் குறுகிய இடம் எதுவோ, அதுவே பெட்டியின் அளவைத் தீர்மானிக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய் அகன்றது, சமதரை போன்றது. ஆதலால் வாளையாறு வழியே இருபதடிப் பெட்டகம் தடையின்றிச் செல்லும். இருபதடி நீளம், எட்டடி அகலம், எட்டரையடி உயரம் உள்ள அப்பெட்டகத்தின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். ஓரறை வீட்டின் சாமான் அதை நிரப்பாது. ஒரே திசையில் செல்லும் இரு குடும்பங்கள் நடுவே தடுப்பு வைத்துப் பங்கிட்டுக்கொண்டால் செலவு குறையும்.

போடிமெட்டிலும் குமுளியிலும் கதை வேறு. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாலும், லயத்து வாசல் வரை பெரும்பெட்டகம் ஏறுவது அரிது. அங்கே ஒரே பெரிய பெட்டியை நாடாமல், இருவர் தூக்கக்கூடிய சிறு பெட்டிகள் பலவற்றைத் தேர்வதே அறிவுடைமை. மூடிய சிறு லாரியில் அவற்றை அடிவாரம் சேர்த்து, அங்கே பெட்டகத்துக்குள் அடுக்கலாம். கைமாற்றம் அப்போதும் உண்டு. ஆனால் மாறுவது பெட்டியேயன்றிப் பாத்திரமன்று.

அடுக்கும் முறையையும் கருதுவோம். கனமான அம்மி, ஆட்டுக்கல், இரும்புச் சாமான் ஆகியன அடியில், பெட்டகத்தின் தரையெங்கும் பரவலாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கமே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் துணி என அடுக்கி, இடைவெளியின்றி நிரப்புவோம். அசைகிற பொருளே உடைகிறது. மலைக்காற்றின் ஈரத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டகம் இரவில் குளிரும்போது உட்புறம் வியர்த்துச் சொட்டும். ஆகவே, துணியையும் மரச்சாமானையும் நன்கு உலர்த்தியே ஏற்றுவோம். எரிவாயு உருளை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகியன உள்ளே செல்லவே கூடா. குடும்ப அட்டை, பத்திரம், நகை ஆகியவை நம் கைப்பையிலேயே வரட்டும்.

வாளையாற்றில் லாரிகள் நாட்கணக்கில் காத்துக் கிடந்த வரிச்சாவடிக் காலம், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் முடிந்துவிட்டது. புழங்கிய வீட்டுச் சாமான்களுக்கு மின்வழிச் சீட்டும் தேவையில்லை. ஆயினும் பெட்டிதோறும் எண்ணிட்டு, உள்ளிருப்பதை இரு பிரதிகளாக எழுதிக்கொள்வோம். ஒன்று ஓட்டுநரிடமும் மற்றொன்று நம்மிடமும் இருக்கட்டும். வழியில் எவரேனும் வினவினால் காட்ட அது உதவும். தவறிய மூட்டை எங்கே தவறியது என்று தேடவும் அதுவே உதவும்.

நேயர்களே, லாரிக்குச் சொல்லி அனுப்புமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து பெருஞ்சாலை வரை ஒருமுறை நடந்து வருவோம். போய்ச் சேரும் ஊரிலுள்ள உறவினரையும் அவ்வாறே அளந்து சொல்லச் சொல்வோம். பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அந்தப் பாதையே நமக்குச் சொல்லிவிடும்.